கொய்யாவா, புளியா?

பல்லுக்காரர் பேனாவை மூன்றாவது முறையாக முகர்ந்து பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார். அதற்கும் பலனில்லாமல் போகவே மூடியைக் கழற்றி, உள்ளே மூக்கை நுழைக்க முடியுமா என்று முயன்றார்.

"அது என்ன, மூக்குப்பொடி டப்பாவா?" என்றாள் மனைவி, அடுப்பு மேடையைத் துடைத்தபடி.

"ஒண்ணுமில்ல. வாசனை நல்லா இருக்கு."

"அரைமணி நேரமா நல்லாத்தான் இருக்கு. என்ன விஷயம், சொல்லுங்க."

பல்லுக்காரர் பேனாவை மேசையில் வைத்தார். நல்ல பழுப்பு நிறம். நீளவாக்கில் கறுப்பு வரிகள். வெளிச்சத்தில் திருப்பினால் உள்ளிருந்து ஒரு செம்மை எட்டிப் பார்க்கும். அவர் வாழ்நாளில் கடைந்த பேனாக்களிலேயே இதுதான் அழகு.

"இது என்ன மரம்னு மறந்துபோச்சு."

மனைவி துடைப்பதை நிறுத்தினாள்.

"இந்தப் பேனாவைச் செஞ்சது யாரு?"

"நான்தான்."

"இது என்ன மரம்னு கண்டுபிடிங்கன்னு அத்தனை பேருக்கும் புதிர் போடப்போறது யாரு?"

"நான்தான்."

"விடை தெரியாம முழிக்கிறது?"

"அதுவும்..." என்று ஆரம்பித்தவர் மீதியை மென்று முழுங்கினார்.

பல் மருத்துவமனை ஒன்றின் பின்னறையில் உட்கார்ந்து பொய்ப்பல் செய்வது அவருடைய தொழில். இருபது வருடங்களாக யார் யாருக்கோ சிரிப்பைச் செய்து கொடுத்துவிட்டு, மாலையில் வீட்டுக் கொல்லையில் இருக்கும் சின்னக் கடைசல் இயந்திரத்தில் மரப்பேனா கடைவார். மரப்பேனா செய்பவர்கள் சங்கத்தில் மொத்தம் நாற்பத்து மூன்று பேர். அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. செய்கிற வேலைதான் பெயர். அப்படித்தான் அவர் பல்லுக்காரர் ஆனார்.

சங்கத்தில் வருடத்துக்கு ஒரு புதிர்ப்போட்டி. சீட்டுக் குலுக்கி ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் ஒரு மர்மப் பேனா செய்ய வேண்டும். மற்றவர்கள் அதைத் தொடலாம், தட்டலாம், முகரலாம், எடைபோடலாம். சுரண்டக் கூடாது. என்ன மரம் என்று சரியாகச் சொல்பவருக்கு ஒரு முழக் கருங்காலிக் கட்டை பரிசு. விடையை எழுதி, கவரில் போட்டு ஒட்டி, முதல் நாளே நூலகத்து அலமாரியில் வைத்துவிட வேண்டும். மூன்று வாரம் கழித்து, கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கவரைப் பிரிப்பார்கள்.

இந்த வருடம் சீட்டில் பல்லுக்காரர் வந்தார். பெருமை பிடிபடவில்லை. சாதாரண மரமாக இருக்கக் கூடாது என்று, துண்டு மரங்கள் போட்டுவைக்கும் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அடியிலும் அடியில் கிடந்த ஒரு துண்டு அவர் மனதைக் கவர்ந்தது. அதன் ஒரு பக்கத்தில், எந்தக் காலத்திலோ அவரே பென்சிலால் மரத்தின் பெயரை எழுதியிருந்தார். அதைப் படித்தார். "அட, இதுவா!" என்று வாய்விட்டுச் சொன்னார். சந்தோஷத்தில் துண்டை அப்படியே இயந்திரத்தில் மாட்டி உளியை வைத்தார். முதல் சீவலிலேயே பெயர் சுருண்டு கீழே விழுந்தது.

இப்போது அந்த 'அட' மட்டும்தான் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"வேற மரத்துல இன்னொண்ணு செஞ்சிடுங்க," என்றாள் மனைவி.

"நேத்தே போட்டோ எடுத்துக் குழுவுல போட்டுட்டேனே. நாற்பத்திரண்டு பேரும் பார்த்தாச்சு."

"அப்ப தெரியலைன்னு சொல்லிடுங்க. நாலு வார்த்தை. மறந்துபோச்சு, மன்னிச்சிடுங்கன்னா முடிஞ்சு போச்சு."

"உனக்கு விளையாட்டா இருக்கு. இதுவரைக்கும் பதினோரு பேர் புதிர் வச்சிருக்காங்க. ஒருத்தர்கூடத் தடுமாறினதில்ல. அந்த வரிசையில நான் போய் நின்னு, ஈன்னு இளிக்கச் சொல்றியா?"

"இளிக்கிறதுக்குத்தான் பல்லு செய்யறீங்களே," என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி மேடையைத் துடைக்கத் தொடங்கினாள்.

*

திங்கட்கிழமை காலை, பேனாவைத் துணியில் சுற்றிக்கொண்டு மர டிப்போவுக்குப் போனார். டிப்போக்காரரும் சங்க உறுப்பினர்தான். மரத்தை விரலால் சுண்டிப் பார்த்தே பெயர் சொல்லக்கூடியவர். பேச்சுவாக்கில் அவர் வாயிலிருந்து பெயரைப் பிடுங்கிவிட வேண்டும் என்பது திட்டம்.

அறுவை இயந்திரம் ஓய்ந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்தார். டிப்போக்காரர் காதில் செருகிய பென்சிலோடு பலகைகளுக்கு நடுவிலிருந்து வெளிப்பட்டார்.

"வாங்க வாங்க! மர்மப் பேனாவா? சாயங்காலம்தானே நூலகத்துக்கு வரும்?"

"இந்தப் பக்கமா வந்தேன். சும்மா உங்க கையில ஒரு தடவை இருக்கட்டுமேன்னு..."

டிப்போக்காரர் பேனாவை நகத்தில் தட்டினார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். முகர்ந்தார். முகம் மலர்ந்தது.

"அட, இதுவா!"

பல்லுக்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதே 'அட'!

"எதுவா?"

"சொல்லுவேனா? நானும் போட்டியில இருக்கேன்ல."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன? எனக்குத்தான் விடை தெரியுமே."

"தெரிஞ்ச ஆளுகிட்ட எதுக்குச் சொல்லணும்?"

பல்லுக்காரர் அசடு வழியச் சிரித்தார். டிப்போக்காரர் அந்தச் சிரிப்பை உற்றுப் பார்த்தார். நாற்பத்திரண்டு பேர் இருக்க, இவர் ஏன் பேனாவைத் தூக்கிக்கொண்டு முதலில் இங்கே வர வேண்டும்?

"ஓஹோ," என்றார் கண்ணைச் சிமிட்டி. "புரிஞ்சுபோச்சு."

"என்ன புரிஞ்சுது?"

"நீங்க கிளம்புங்க. யாராவது பார்த்தா தப்பா நினைப்பாங்க."

அன்று மாலை நூலகத்துக்குப் போகும் வழியெல்லாம் பல்லுக்காரர் யோசித்தார். ஏதோ ஒரு மரத்தின் பெயரை எழுதி ஒட்டிவிடலாம். ஆனால் உண்மையிலேயே கண்டுபிடித்த ஒரு ஆள் தோற்றுப்போவாரே! அந்தப் பாவம் நமக்கெதற்கு? நூலக வாசலில் நின்று வெற்றுக் காகிதம் ஒன்றை நான்காக மடித்துக் கவரில் போட்டு ஒட்டினார். மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் விடை தெரியாமலா போய்விடும்?

நூலகத்தைத் திறந்து மூடுவது, அலமாரிகளைப் பார்த்துக்கொள்வது எல்லாம் சாவி அக்கா. சங்கம் கூடுவதும் அதே நூலகத்து மாடியில்தான். சாவி அக்கா பேனாவை வாங்கி ஒரு தட்டில் வைத்தார். கவரை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு. கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

*

மறுநாள் காலை தொலைபேசி மணி அடித்தது. கணக்கு டீச்சர். டிப்போக்காரரின் கூடப்பிறந்த தங்கை. சங்கத்தின் விதிமுறைகளை எழுதியவரும், அவற்றை ஞாபகம் வைத்திருக்கும் ஒரே ஆளும் அவர்தான்.

"நேத்து எங்க அண்ணன் டிப்போவுக்குப் போனீங்களாமே?"

"அந்தப் பக்கமா..."

"அந்தப் பக்கமாப் போய் துப்பு கொடுத்துட்டு வந்திருக்கீங்க. அண்ணன் என்கிட்டயே சொல்றார், 'பாப்பா, எனக்கு விடை வீடு தேடி வந்துடுச்சு'ன்னு. என் சொந்த அண்ணன்தான். இருந்தாலும் நியாயம்னு ஒண்ணு இருக்கா இல்லையா? அவருக்குக் கொடுத்தா மத்தவங்களுக்கும் கொடுக்கணும்."

"சரி டீச்சர். குழுவுல ஒரு துப்பு போட்டுடறேன்."

சொல்லிவிட்டாரே தவிர, தெரியாத விடைக்கு எப்படித் துப்பு கொடுப்பது? அன்று முழுவதும் ஒரு முதியவரின் கீழ்த்தாடைக்குப் பல் வரிசை பொருத்தியபடி யோசித்தார். எந்த மரத்துக்கும் பொருந்த வேண்டும். எதையும் காட்டிக்கொடுக்கக் கூடாது. கடைசியில் எழுதினார்:

'நீங்கள் நினைப்பதைவிட இது பக்கத்தில் இருக்கிறது.'

எழுதியதும் அவருக்கே பிடித்துப்போயிற்று. ஒன்றும் சொல்லாமல் எவ்வளவு ஆழமாகச் சொல்லியாயிற்று!

ஆழம்தான் வம்பாகிவிட்டது. பக்கத்தில் என்றால் வீட்டுக்குப் பக்கத்தில் என்று டீச்சர் முடிவு செய்தார். வீட்டுக்குப் பக்கத்தில் என்ன மரம் இருக்கும்? கொய்யா. சந்தேகமே இல்லை, கொய்யா. டீச்சர் வீட்டுக் கொல்லையிலேயே ஒன்று நிற்கிறது. டிப்போக்காரர் சிரித்தார். பக்கத்தில் என்றால் டிப்போவுக்குப் பக்கத்தில். பல்லுக்காரர் வந்து நின்ற இடத்துக்கு நேர் எதிரே புளிய மரம். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிச் சொல்வார்?

இரண்டே நாளில் சங்கம் இரண்டாகப் பிளந்தது. கொய்யா கட்சியில் இருபது பேர். புளி கட்சியில் பத்தொன்பது பேர். மீதி மூன்று பேர் குழுவிலிருந்து விலகிவிட்டார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லாம் கைபேசியில் ஒருவரையொருவர் 'கொய்யாக்காய்' என்றும் 'புளிமூட்டை' என்றும் திட்டிக்கொண்டார்கள்.

பல்லுக்காரருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

"ஏங்க, இப்பவாவது சொல்லிடலாமே," என்றாள் மனைவி.

"இப்ப சொன்னா ரெண்டு கட்சியும் சேர்ந்து அடிக்கும்."

"சேர்ந்து அடிச்சா நல்லதுதானே? ரெண்டு பேரும் சேர்ந்துட்டாங்கன்னு ஆகுமே."

"நீ பேசாம இரு. எனக்கு ஒரு வழி தோணியிருக்கு."

*

அந்த வழி, பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்த அரசு மர ஆராய்ச்சிக் கூடம். பேனா நூலகத்தில் மாட்டிக்கொண்டது. ஆனால் கடைந்தபோது விழுந்த சீவல்கள் இயந்திரத்துக்கு அடியில்தானே கிடக்கும்? அவற்றைக் கூட்டி அள்ளி ஒரு பையில் கட்டி எடுத்துக்கொண்டார்.

ஆராய்ச்சிக் கூடத்து அம்மாள் சீவல்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, நுண்ணோக்கிக்குக் கீழே வைத்துக் கால் மணி நேரம் பார்த்தார்.

"இதுல ஏழு மரம் இருக்குங்க."

"ஏழா?"

"நீங்க கடைசியா எப்ப பெருக்கினீங்க?"

பல்லுக்காரர் தலையைச் சொறிந்தார். "ஏழுல... கொய்யா இருக்குங்களா?"

"இருக்கு."

"அப்பாடா."

"புளியும் இருக்கு."

பல்லுக்காரர் நாற்காலியில் சரிந்தார். அந்த அம்மாள் இடுக்கியால் வெள்ளையாக எதையோ தூக்கிப் பிடித்தார்.

"இது மட்டும்தான் என்னன்னு தெரியல. மரமில்ல. பார்த்தா கடவாய்ப்பல் மாதிரி இருக்கு."

"அது நம்முதுதாங்க," என்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பேனாவையே கொண்டுவாங்க. ஓரத்துல ஒரு சின்ன சில்லு எடுத்தாப் போதும், கண்டுபிடிச்சுச் சொல்லிடலாம்."

சில்லு எடுப்பதா? அந்தப் பேனாவிலா? அதற்குத் தன் பல்லில் ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வாசலில் ஒரு ஆம்புலன்ஸ் நின்றது. அதை ஓட்டுபவர் சங்கத்தின் தலைவர். பக்கத்து மருத்துவமனையில் ஒரு நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். பல்லுக்காரரையும், அவர் தலைக்கு மேலிருந்த பெயர்ப்பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்க என்ன பண்றீங்க?"

"அது... வந்து... ஒரு சின்ன..."

"சொல்ல வேண்டாம். எனக்குப் புரியுது." தலைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சண்டை முத்திப்போச்சுன்னு, யாரும் மறுத்துப் பேசாம இருக்க விஞ்ஞானச் சான்றிதழே வாங்க வந்துட்டீங்க. இப்படி ஒரு பொறுப்பான ஆளை நான் பார்த்ததில்ல. ஏறுங்க, வீட்ல விட்டுடறேன்."

வழியெல்லாம் தலைவர் அவரைப் புகழ்ந்துகொண்டே வந்தார். பல்லுக்காரர் பின்னால் படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வீடு வந்து சேர்வதற்குள் குழுவில் செய்தி வந்துவிட்டது: 'விடை அரசு முத்திரையுடன் வருகிறது. அனைவரும் கூட்டத்துக்குத் தவறாமல் வரவும்.' விலகிப்போன மூன்று பேரும் திரும்பி வந்து சேர்ந்தார்கள்.

*

மூன்றாவது வாரத் தொடக்கத்தில் டிப்போக்காரரின் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அண்ணே, அந்த விடையை இப்பவே சொல்லித் தொலைச்சிடுங்கண்ணே. வீட்ல நிம்மதியே இல்ல."

டிப்போக்காரரும் டீச்சரும் ஒரே சுவருக்கு இருபுறமும் குடியிருந்தார்கள். கொல்லையில் பொதுவாக ஒரு கொட்டகை; அதில் ஒரே ஒரு கடைசல் இயந்திரம். பேனாவின் உடலை அண்ணன் கடைவார், மூடியைத் தங்கை கடைவார். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். ஐம்பது வயதான தங்கையை அவர் இன்னமும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். இப்போது பத்து நாளாகப் பேச்சில்லை. இயந்திரத்துக்கு முறை வைத்துக்கொண்டுவிட்டார்கள்: காலையில் அவர், மாலையில் இவர்.

"நேத்து மூடி இல்லாம நாலு பேனாவை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாருண்ணே. தங்கச்சியைக் கூப்பிடுங்கன்னா, 'எந்த தங்கச்சி? அந்தக் கணக்கு டீச்சரா?'ன்னு கேக்கறாரு. கணக்கு டீச்சராம்!"

தன் மானம் போவது இருக்கட்டும். ஒரு குடும்பம் அல்லவா இரண்டாகிக்கொண்டிருக்கிறது! பல்லுக்காரர் அன்று மாலையே கிளம்பினார். முதலில் டிப்போ.

"உங்க தங்கச்சி சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. ஆனா உங்க அனுபவத்தை யாரும் குறை சொல்ல முடியாது. கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போங்களேன்."

டிப்போக்காரர் காதிலிருந்த பென்சிலை எடுத்து நெற்றியில் தட்டினார். "அதாவது, ஜெயிக்கிறவன் நான்தான், அதனால பெருந்தன்மையா இருக்கணும்னு சொல்றீங்க."

"நான் அப்படிச் சொல்லல."

"நீங்க எப்படிச் சொல்லுவீங்க? நீங்க நடுநிலை."

அங்கிருந்து டீச்சர் வீடு. டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"உங்க அண்ணன் பெரியவர். அவர் மனசு நோகாம நடந்துக்கலாமே, டீச்சர்."

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடினார். கண்கள் பளபளத்தன. "புரியுது. அவர் தோத்துட்டார், மெதுவா எடுத்துச் சொல்லுங்கன்னு கேக்கறீங்க. கவலைப்படாதீங்க. கூட்டத்துல நான் அவரை ஒரு வார்த்தை கேலி பண்ண மாட்டேன்."

பல்லுக்காரர் வாயைத் திறந்தார். பிறகு மூடினார். திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று உடைகிறது என்பது ஒருவழியாக அவருக்கு உறைத்திருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலேயே திண்டாடி நின்றார். மனைவி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"பேசாம அந்தக் கவரை எரிச்சுடலாமான்னு இருக்கு," என்றார்.

"எரிங்க. அப்புறம் கவர் எங்கன்னு ரெண்டு கட்சி வரும்."

"நான் என்னதான் பண்றது?"

"முதல் நாளே சொன்னேன். அந்த நாலு வார்த்தை இன்னும் அப்படியேதான் இருக்கு."

*

கூட்டத்தன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே பல்லுக்காரர் நூலகத்துக்குப் போய்விட்டார். மாடியில் யாருமில்லை. சாவி அக்கா நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். அலமாரி சுவரோரம் பூட்டிக் கிடந்தது. பல்லுக்காரர் அதன் முன்னால் போய் நின்றார். உள்ளே கவர். கவரில் வெற்றுக் காகிதம். ஒரு வார்த்தை எழுதினால் போதும். கொய்யா என்றால் இருபது பேர் கைதட்டுவார்கள். புளி என்றால் பத்தொன்பது பேர்.

பின்னாலிருந்து சாவி அக்காவின் குரல் கேட்டது.

"ஏதாவது வேணுமா?"

"வேண்டாங்க."

"நிச்சயமா வேண்டாமா?"

"நிச்சயமா."

சாவி அக்கா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மீதி நாற்காலிகளைப் போடப் போனார். பல்லுக்காரர் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். எப்போதோ எடுத்த முடிவு மாதிரி இருந்தது அது. ஆனால் அவர் அதை எடுத்து அரை நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

அறை நிரம்பியது. இடப்பக்கம் கொய்யா, வலப்பக்கம் புளி, நடுவில் ஆள் நடக்க வழி. டிப்போக்காரர் தோளில் ஒரு புளியங்கட்டையைச் சுமந்துகொண்டு வந்தார். டீச்சர் இலையோடு ஒரு கொய்யாக் கிளையை ஒடித்துக்கொண்டு வந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பார்க்காமல் இருக்க இருவரும் பட்ட பாட்டைப் பல்லுக்காரர் பார்த்தார்.

தலைவர் எழுந்தார். "கவரைக் கொண்டுவாங்க. சான்றிதழையும் கொண்டுவாங்க."

சாவி அக்கா அலமாரியைத் திறந்து கவரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பல்லுக்காரர் எழுந்து போய்க் கவரை எடுத்தார். கிழித்தார். காகிதத்தைப் பிரித்து, முன்பக்கம் காட்டினார். பின்பக்கம் காட்டினார்.

"இதுல ஒண்ணும் இல்ல," என்றார். "சான்றிதழும் இல்ல. எனக்கு விடை தெரியாது. பேர் எழுதியிருந்த பக்கத்தைச் சீவிட்டேன். அப்புறம் மறந்துபோச்சு. மன்னிச்சிடுங்க."

முதலில் எழுந்தவர் டிப்போக்காரர்.

"என்னது? விடை தெரியாமலா என் டிப்போவுல வந்து அப்படிச் சிரிச்சீங்க?"

"அண்ணா!" டீச்சர் துள்ளி எழுந்தார். "இவரு என் வீட்டுக்கும் வந்தார் அண்ணா! நீ தோத்துட்ட, உன் மனசு நோகாம நான் பார்த்துக்கணும்னு சொன்னார் அண்ணா!"

"என்கிட்ட நான் ஜெயிச்சுட்டேன்னு சொன்னாரு பாப்பா!"

"பதினாறு நாள் அண்ணா! பதினாறு நாள் உன்கூடப் பேசாம இருந்தேன்!"

"நீ உட்காரு பாப்பா. மயக்கம் கியக்கம் வந்துடப் போகுது. இவரை நான் பார்த்துக்கறேன்."

நடுவழி மறைந்துவிட்டது. கொய்யாவும் புளியும் ஒன்றாகக் கலந்து பல்லுக்காரரைச் சூழ்ந்துகொண்டன. ஆளுக்கொரு பக்கமாகக் கத்தினார்கள். பல்லுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஆனால் மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவருக்கு மூச்சு சீராக வந்தது. டிப்போக்காரர் திட்டிக்கொண்டே தங்கையின் நாற்காலிக்கு மேல் மின்விசிறியைப் போட்டதை அவர் ஓரக்கண்ணால் கவனித்துவிட்டார்.

"அமைதி! அமைதி!" என்றார் தலைவர். ஆம்புலன்ஸ் ஓட்டியே பழகிய குரல். "இது சாதாரணக் குத்தமில்ல. கண்டனத் தீர்மானம் போட்டே ஆகணும். டீச்சர், நோட்டை எடுங்க."

டீச்சர் எழுந்து நின்று, சொல்லிச் சொல்லி எழுதினார்: "இச்சங்கத்தின் பன்னிரண்டு ஆண்டு வரலாற்றில், விடை தெரியாமல் புதிர் வைத்து, வெற்றுக் காகிதத்தைக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்த முதல் நபர்..."

"முதலும் கடைசியுமான நபர்னு போடு பாப்பா."

"அருமை அண்ணா. '...முதலும் கடைசியுமான நபர் என்ற முறையில், பல்லுக்காரரை இச்சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.' இதுக்கு எல்லாரும் கையெழுத்துப் போட்டாப் பத்தாது. இதுக்கு முன்னாடி புதிர் வச்ச பதினோரு பேரும் தனியாப் போடணும். ஒழுங்கா விடை எழுதி வச்சவங்க போட்டாத்தான் அதுக்கு ஒரு மதிப்பு."

"நியாயம்," என்றார் தலைவர். முதல் வருடம் புதிர் வைத்தவர் அவர்தான். இரண்டாம் வருடம் டிப்போக்காரர். போன வருடம் டீச்சர். பதினோரு பேரும் முகத்தை இறுக்கிக்கொண்டு மேசைக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றார்கள். தலைவர் தன் பேனாவின் மூடியைத் திருகிக் கழற்றினார். நிப்பு காகிதத்தைத் தொட்டது.

கதவோரத்தில் சாவிக்கொத்தோடு நின்றிருந்த சாவி அக்காவுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது போலிருந்தது.

"நானும் காலையிலேர்ந்து பார்க்கறேன்," என்றார் அவர், வரிசையில் நின்ற பதினோரு பேரையும் பார்த்து. "வருஷா வருஷம் கூட்டத்துக்கு முன்னாடி, கவரைப் பிரிச்சு வெத்துக் காகிதத்துல விடை எழுதி மறுபடி ஒட்டறதுக்கு என்கிட்ட பசை கேட்டு வருவீங்களே, இந்த வருஷம் மட்டும் என்னடா யாருமே வரலையேன்னு!"